குதிரைகளைக் கூட்டினோம், சூட்டை எங்கே விட்டோம்?

தாதர் டி.டி. என்று நாம் இன்றும் சொல்கிறோம். டி.டி. என்றால் ட்ராம் டெர்மினஸ். பம்பாயின் கடைசி ட்ராம் 1964 மார்ச் 31 இரவு போரிபந்தரிலிருந்து கிளம்பி இங்கேதான் வந்து நின்றது. ட்ராம் போய்விட்டது, அதன் வேகம் மட்டும் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. மாலை ஆறு மணிக்கு என் வீட்டுப் பால்கனியில் நின்று பார்த்தால், திலக் பாலம் வரை கார்கள் எறும்பு வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். 2025 செப்டம்பரில் எல்பின்ஸ்டன் மேம்பாலத்தை இடிப்பதற்காக மூடியபோது அந்தப் பாரமும் திலக் பாலத்தின் தலையில்தான் விழுந்தது.

இந்த எறும்பு வரிசையில் இருநூறு, முந்நூறு குதிரைத்திறன் கொண்ட கார்களும் நிற்கின்றன. முப்பது அடி இடம் கிடைத்தால் உறுமிக்கொண்டு பாய்ந்து, அடுத்த பம்பருக்குப் பின்னால் நின்றுவிடுகின்றன. ஓட்டுபவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளைகள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் படித்து, ஐ.டி.யிலும் வங்கியிலும் நல்ல வேலைக்குப் போய், கடன் வாங்கிக் கார் வாங்கியவர்கள். அவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. இயந்திரத்தின் மேல் ஆசை எனக்கும் உண்டு. இல்லாவிட்டால் முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் கிரீஸ் கையோடு இருந்திருப்பேனா? அந்தக் கார்களின் அடியில், யார் கண்ணிலும் படாமல் வெந்துகொண்டிருக்கும் ஓர் எண்ணெயைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நான் டிப்ளமோ படித்தவன். பட்டம் பெற்ற அன்பர்கள் பிழை கண்டால் திருத்தட்டும்.

என் தங்கை மகன் ஒரு பழைய ஐரோப்பியக் கார் வாங்கினான். டர்போ பெட்ரோல் என்ஜின், ஆறு கியர் கொண்ட ஆட்டோமேட்டிக். கம்பெனி பெயர் வேண்டாம். வாங்கிய மூன்றாம் மாதமே அதை ஒரு கடைக்குக் கொண்டுபோய் 'ரீமேப்' செய்துகொண்டு வந்தான். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி எழுதிச் சக்தியைக் கூட்டும் வேலை அது. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. "மாமா, நாப்பது குதிரை கூடியிருக்கு" என்றான். "கூலர் மாத்தினாங்களா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு மாமா, என்ஜின் சூடே ஏறல" என்றான். நான் கேட்டது கியர்பாக்ஸ் கூலரை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை நண்பர்களோடு லோனாவ்லா கிளம்பினான். தாதரிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து வெளியேறவே ஒன்றரை மணி நேரம். பிறகு திறந்த சாலையில் ஓட்டம். பிறகு கண்டாலா மலையேற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து ஏறியிருக்கிறான். பாதி மலையில் கருகிய வாடை. ஒரு மஞ்சள் விளக்கு. கார் ஒரே கியரில் பிடித்துக்கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் இல்லை. பின்னால் நாற்பது டன் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு வருகிறது. நான்கு பிள்ளைகள் உள்ளே. எப்படியோ ஓரம் கட்டினார்கள். கியர்பாக்ஸைப் பிரித்த பிறகு வந்த பில் மூன்றரை லட்சம். என் தங்கை ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. எனக்கு அந்த மூன்றரை லட்சத்தைவிட, பின்னால் வந்த லாரிதான் தூக்கத்தில் வந்தது.

இது ஏன் நடந்தது? ஆட்டோமேட்டிக் காரில் என்ஜினுக்கும் கியருக்கும் இடையே 'டார்க் கன்வெர்ட்டர்' என்ற ஒன்று இருக்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் அதன் காற்றில் மற்றொன்றும் சுற்றுமல்லவா? அதே தத்துவம், காற்றுக்குப் பதில் எண்ணெய். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1905-இல் கப்பல்களுக்காகக் காப்புரிமை பெற்ற சாதனம் இது. கப்பலிலிருந்து ரயிலுக்கும் காருக்கும் வந்தது. இழுக்கும் சக்திக்கும் இதுதான் காரணம், சூட்டுக்கும் இதுதான் காரணம். இரண்டு விசிறிகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுற்றும்போது இழப்பு குறைவு. ஒன்று சுற்றி மற்றொன்று நிற்கும்போது, என்ஜின் கொடுக்கும் அவ்வளவு சக்தியும் எண்ணெயைக் கலக்கிச் சூடாக்குவதிலேயே போய்விடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சிக்னலில் பிரேக்கை மிதித்துக்கொண்டு 'டி'யில் நிற்கும் கார், ஏறக்குறைய இரண்டு கிலோவாட் வெப்பத்தை அந்த எண்ணெயில் சேர்க்கும். நம் வீட்டுக் குளியலறைக் கீசரின் அளவு. இப்போது ஒரு பிள்ளை பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்து, விட்டவுடன் பாய வேண்டும் என்று 80 கிலோவாட்டில் ஐந்து விநாடி நிற்கிறான் என்று வையுங்கள். 400 கிலோஜூல். எட்டு லிட்டர் எண்ணெய் ஏழு கிலோ எடை. ஒரு டிகிரி சூடேற 14 கிலோஜூல் போதும். ஐந்தே விநாடியில் மொத்த எண்ணெயும் 28 டிகிரி ஏறிவிடும். உண்மையில் சூடு முதலில் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிறிதளவு எண்ணெயில்தான் ஏறுகிறது. அங்கே ஏற்றம் இதைவிடப் பன்மடங்கு. சர்வீஸ் புத்தகங்களில் இந்தச் சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் செய்யாதே என்று எழுதியிருப்பது சும்மா இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு மனிதரின் கையைச் சுட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சரக்கு யார்டில் இளம் சார்ஜ்மேனாக இருந்தேன். அங்கே டீசல்-ஹைட்ராலிக் ஷண்டிங் என்ஜின் ஒன்று, எழுநூறு குதிரைத்திறன், இதே எண்ணெய்த் தத்துவத்தில் ஓடியது. ஒரு நாள் வேகன் தொடர் நகர மறுத்தது. பின்னால் எங்கோ பிரேக் பிடித்திருந்தது. கண்ட்ரோலிலிருந்து போன் மேல் போன். நான் டிரைவரை, "இன்னும் கொடுங்க, நகரும்" என்று விரட்டினேன். எங்கள் ஃபிட்டர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என் தந்தை வயது, கேஜைப் பார்த்துவிட்டு, "தம்பி, எண்ணெய் வேகுது, நிறுத்தச் சொல்லுங்க" என்றார். "ரெண்டு நிமிஷம் அண்ணாச்சி" என்றேன். எழுநூறு குதிரைத்திறன் என்றால் ஐந்நூற்றுச் சொச்சம் கிலோவாட். ஏறக்குறைய இருநூற்றைம்பது கீசர். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு சீல் உடைந்து, கொதிக்கும் எண்ணெய் அவர் முழங்கை வரை தெறித்தது. விசாரணையில் 'சீல் பழுது' என்று எழுதி முடித்தார்கள். சீல் பழுதாகவில்லை, நான் பழுதாக்கினேன். அவர் ஓய்வு பெறும்வரை என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சட்டைக் கையை மடித்துவிடும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்தப் பழைய என்ஜினில் கேஜ் இருந்தது. அது சிவப்பைக் காட்டியது. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். என் தங்கை மகனின் காரில் கேஜே இல்லை. நாற்பது வருட முன்னேற்றத்தில் நாம் இழந்தது இது. இன்றைய பல கார்களில் ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள்ளையும் எடுத்துவிட்டு ஒரு விளக்கை மட்டும் வைத்திருக்கிறார்கள். கியர் எண்ணெயின் சூடோ காரின் கம்ப்யூட்டருக்குத் தெரியும், ஓட்டுபவருக்குத் தெரியாது. விளக்கு எரியும்போது சேதி சொல்லவில்லை, தீர்ப்பு சொல்கிறது.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. ரயில் என்ஜினுக்கு இரண்டு கணக்கு வைத்திருப்போம். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுக்கக்கூடிய தொடர் மதிப்பு ஒன்று. குறிப்பிட்ட நிமிடங்கள் மட்டும் தாங்கும் குறுநேர மதிப்பு மற்றொன்று. டிரைவருக்கு இரண்டும் தெரியும். கர்ஜத்திலிருந்து லோனாவ்லாவுக்கு ஏறும் போர் காட்டில் 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அதற்காகக் கர்ஜத்தில் ரயிலின் பின்னால் பேங்கர் என்ஜின்களைச் சேர்க்கிறோம். முன் என்ஜினை அடித்து விரட்டி மலையேற்றலாம் என்று யாரும் நினைப்பதில்லை. அதே மலையின் மறுபக்கத்துச் சாலையில் ஏறும் காரின் விளம்பரத்தில் இருப்பது ஒரே ஒரு எண், உச்ச குதிரைத்திறன். எவ்வளவு நேரத்துக்கு, எந்த வெயிலில், எந்த ஏற்றத்தில் என்று யாரும் கேட்பதில்லை; யாரும் சொல்வதுமில்லை. என் கருத்தில் ஒரு காரின் உண்மையான சக்தி, அது வெளியேற்றக்கூடிய வெப்பத்தின் அளவுதான். மீதியெல்லாம் கடன் வாங்கிய சக்தி. வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும்.

இதை நம் நாட்டில் ஒருவர் அன்றே புரிந்துகொண்டார். மன்மோகன் சூரி என்ற பொறியாளர் உருவாக்கிய 'சூரி டிரான்ஸ்மிஷன்', கிளம்பும்போது எண்ணெய் வழியாகவும், வேகம் பிடித்த பிறகு நேரடி இயந்திர இணைப்பாகவும் வேலை செய்தது. 1962-இல் அவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. சித்தரஞ்சனில் செய்த ஷண்டிங் என்ஜின்களில் அந்தச் சாதனம் ஓடியது. இன்றைய ஆட்டோமேட்டிக் கார்களில் 'லாக்-அப்' என்று சொல்வது இதே எண்ணம்தான்: எண்ணெயைக் கலக்கும் நேரத்தைக் குறை, சூடு தானே குறையும். ஆனால் திலக் பாலத்தில் ஊரும்போது லாக்-அப் விழாது. அதற்கு ஓரளவு வேகம் வேண்டும். நெடுஞ்சாலைக்காக வடிவமைத்த நல்ல குணம் தாதரில் பயன்படுவதில்லை.

சூடு எண்ணெயை என்ன செய்யும்? பட்டறைகளில் ஒரு பழைய கணக்கு உண்டு. 80 டிகிரி செல்சியஸில் ஓடும் எண்ணெய் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாங்கும் என்றால், ஒவ்வொரு 11 டிகிரி ஏற்றத்துக்கும் ஆயுள் பாதியாகும். 115-ஐத் தாண்டினால் அரக்குப்போல் படிய ஆரம்பிக்கும். 125-ஐத் தாண்டினால் ரப்பர் சீல்கள் இறுகும். 145 அளவில் கிளட்ச் பிளேட்டுகள் வழுக்கும். இது பழைய எண்ணெய்களுக்கான கணக்கு. இன்றைய செயற்கை எண்ணெய்கள் கூடுதலாகத் தாங்கும். ஆனால் திசை ஒன்றே. சூடு ஏற ஏற வேதிவினையின் வேகம் பெருகிக்கொண்டே போகும் என்று அர்ரீனியஸ் 1889-இல் சொன்னது மாறவில்லை. எண்ணெய் கெட்டால் பிளேட் வழுக்கும். பிளேட் வழுக்கினால் இன்னும் சூடு. இன்னும் சூடானால் எண்ணெய் இன்னும் கெடும். வட்டிக்கு வட்டி.

"ஆனால் மாமா, புத்தகத்தில் 'ஆயுள் முழுவதற்கும் எண்ணெய் மாற்ற வேண்டாம்'னு போட்டிருக்கே?" என்று என் தங்கை மகன் கேட்டான். யாருடைய ஆயுள் என்று நான் கேட்டேன். பல கார் கம்பெனிகளுக்குக் கியர்பாக்ஸ் செய்துகொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. செய்தவர் மாற்று என்கிறார். விற்பவர் வேண்டாம் என்கிறார். யாரை நம்புவது என்பதை வாசகர்களுக்கே விடுகிறேன்.

நம் தட்பவெப்பம் வேறு என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி கொண்ட 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, செயற்கை எண்ணெய்க்குப் பதில் கனிம எண்ணெய் ஊற்றிக்கொடுத்தது. சூடும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், அடிக்கடி நின்று நின்று ஓடும் நிலையில், அந்த எண்ணெயால் மின்கோளாறு வரலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்தப் பெட்டி வேறு வகை, கோளாறும் வேறு வகை. ஆனால் படிப்பினை ஒன்று. குளிர்தேசத்துச் சாலையில் தேறிய ஒன்று, புழுக்கமும் நெரிசலும் உள்ள ஊரில் தேறும் என்று பொருளல்ல. சூடும் ஈரப்பதமும் நின்று நின்று ஓடுவதும் என்றால், நம் ஊரை வேறு எப்படி வர்ணிப்பது?

மழைக்காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்ததை யாரும் மறக்கவில்லை. அவ்வளவு வேண்டாம், சாதாரண ஜூலை மழைக்கே ஹிந்த்மாதாவில் முழங்கால் தண்ணீர் நின்று பார்த்திருக்கிறோம். சூடான கியர்பாக்ஸ் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கும். தண்ணீர் பட்டால் கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுத் தாள் பிரிந்துவிடும். எண்ணெய் பால் கலந்த ரோஸ்மில்க் போலத் தெரிந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஒழுகினாலும் அதே நிறம்தான் வரும். அப்படிப்பட்ட வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

சரி, என்ன செய்யலாம்? சக்தி வேண்டாம் என்று நான் சொன்னால் எந்தப் பிள்ளையும் கேட்காது. வரிசையை மாற்றுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

முதலில் கேஜ். காரின் சோதனை பிளக்கில் செருகும் ஒரு சிறு ஸ்கேனர் சில ஆயிரம் ரூபாய். பல கார்களில் கியர் எண்ணெயின் சூட்டை அது போனிலேயே காட்டும். எந்த இடத்துச் சூடு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடித்தொட்டியில் 95 என்றால், கன்வெர்ட்டரிலிருந்து வெளிவரும் எண்ணெய் அதைவிட மிகச் சூடாக இருக்கும். 80 முதல் 100 வரை நிம்மதி, 110-இல் கவனம், 120-ஐத் தொட்டால் காலை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது கூலர். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரால் எண்ணெயைத் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. சக்தியைக் கூட்டினால் தனியாக ஒரு தட்டுக் கூலர் வேண்டும், அதற்கு விசிறியும் வேண்டும். நெடுஞ்சாலையில் காற்று தானாக வரும். திலக் பாலத்தில் யார் ஊதுவார்கள்? கூடவே ஒரு தெர்மோஸ்டாட். அளவுக்கு மீறிக் குளிர்ந்த எண்ணெயும் கெட்டியாகி வேலையைக் கெடுக்கும்.

மூன்றாவது எண்ணெய். காருக்கு உரிய எண்ணெயையே 50,000 அல்லது 60,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள். அளவு பார்ப்பதற்கும் ஒரு சூடு உண்டு; சூட்டில் எண்ணெய் விரியும், அதைப் பார்க்காமல் ஊற்றினால் கூடவோ குறையவோ செய்யும். அதிகம் ஊற்றினால் நுரைக்கும், குறைந்தால் காற்றை உறிஞ்சும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். டீசல் ஷெட்டில் நாங்கள் எண்ணெயை ஸ்பெக்ட்ரோ சோதனைக்கு அனுப்பி, இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பார்ப்போம். இரத்தப் பரிசோதனை மாதிரி. காருக்கு அவ்வளவு முடியாவிட்டாலும், அடித்தொட்டியின் காந்தத்தில் ஒட்டியிருக்கும் தூளையாவது மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள்.

நான்காவது கால். நீண்ட சிக்னலில் 'என்'னுக்கு மாற்றுங்கள். ஊர்ந்து ஊர்ந்து போகாமல், சற்று இடம் விட்டு ஒரே நகர்வாக நகருங்கள். மலையில் ஒரு கியர் கீழே போட்டுச் சீராக ஏறுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

இவை நான்கும் ஆன பிறகு ரீமேப்பைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை ஒரு முறை படித்துவிட்டு, இன்ஷூரன்ஸ்காரரையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கார் கம்பெனிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இரண்டடி நீளத் திரை வைக்கிறீர்கள். அதில் பாட்டு, படம், வானிலை எல்லாம் வருகிறது. ஓரத்தில் கியர் எண்ணெயின் சூட்டையும் ஓர் எண்ணாகக் காட்டக் கூடாதா? சென்சார் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. சக்தியைக் கூட்டி விற்கும் கடைக்காரர்களுக்கு: குதிரையைக் கூட்டும்போதே லாயத்தையும் கட்டிக்கொடுங்கள். கூலர் இல்லாமல் ரீமேப் செய்ய மாட்டேன் என்று ஒரு கடை போர்டு வைத்தால், அங்கே என் செலவில் பிள்ளைகளை அனுப்பத் தயார்.

என் தங்கை மகன் கியர்பாக்ஸைச் சரிசெய்துவிட்டு, கணக்கைப் பழையபடி மாற்றிக்கொண்டான். ஸ்கேனரும் கூலரும் வைத்திருக்கிறான். போன மாதம் என்னை அதே மலைக்கு அழைத்துப் போனான். பாதி ஏற்றத்தில், "மாமா, 104" என்று அவனே சொல்லிவிட்டு, காலைச் சற்றுத் தளர்த்தினான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று யார்டில் அந்த அண்ணாச்சி சொன்னதும் இதே போன்ற ஒரு சேதிதான். இவன் கேட்டுக்கொண்டான்.